டாடாவின் சகோதரி மகன், பாட்டர்சீ தொழிலாளரின் பிரதிநிதி

1926-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கைது செய்யப்பட்டார். மூன்று நாள்களுக்கு முன் ஹைட் பார்க்கில் நடந்த மே தினக் கூட்டத்தில், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள் மீது துப்பாக்கியைத் திருப்ப வேண்டாம் என்று ராணுவ வீரர்களைக் கேட்டுக்கொண்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அதற்கு மறுத்துவிட்டு, இரண்டு மாதச் சிறைத் தண்டனையை ஏற்று வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைக்குச் சென்றார். பம்பாயில் பிறந்த பார்சியான அவர், டாடா தொழிற்குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி மகன். அவர் பெயர் ஷாபுர்ஜி சக்லத்வாலா.

பிரிட்டிஷ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாவது இந்தியர் அவர். 1892-இல் லிபரல் கட்சி சார்பில் தாதாபாய் நௌரோஜியும், 1895-இல் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் மஞ்சர்ஜி பவநகரியும் அவருக்கு முன் வென்றவர்கள். மூவருமே பார்சிகள் என்றாலும், தொழிலாளர்களின் வாக்குக் கேட்டு, தொழிலாளர்களின் பெயரால் அவைக்குள் நுழைந்தவர் சக்லத்வாலா மட்டுமே. பொருளாதார நெருக்கடி முற்றும்போது ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் சுருங்கிக்கொள்வது வழக்கம். அந்த வேளையில்தான் எல்லை தாண்டிய ஒற்றுமை தொழிலாளிக்கு மிக அவசியம் என்று கால் நூற்றாண்டுக் காலம் வாதாடியவர் அவர். அந்த வாதம் எந்த அளவுக்கு வென்றது, எங்கே தோற்றது என்பதுதான் அவரது வாழ்க்கை வரலாறு.

இரும்பைத் தேடியவர்

1874 மார்ச் 28-ஆம் தேதி பம்பாயில் பிறந்த சக்லத்வாலாவின் தந்தை தோராப்ஜி ஒரு வணிகர். தாய் ஜெர்பாய், ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய சகோதரி. புனித சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் படித்தார். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபோது, தடுப்பூசியைக் கண்டறிந்த விஞ்ஞானி ஹாஃப்கினுடன் சேர்ந்து நிவாரணப் பணியில் ஈடுபட்டார். நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகளில் நோய் யாரை முதலில் கொண்டு போகிறது என்பதை அவர் நேரில் கண்டது அப்போதுதான்.

பின்னர் டாடா நிறுவனத்துக்காக இரும்புத் தாதும் நிலக்கரியும் தேடி மத்திய இந்தியக் காடுகளில் அலைந்தார். அமெரிக்கச் சுரங்கவியலாளர் வெல்டுடன் சக்லத்வாலாவும் சென்று ஆராய்ந்த இடங்களில் ஒன்று துர்க் பகுதியில் உள்ள தல்லி ராஜ்ஹரா மலை. அங்கே தாது கிடைத்தபோதிலும் டாடாவின் ஆலை இறுதியில் சாக்சியில், அதாவது இன்றைய ஜாம்ஷெட்பூரில் அமைந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1955-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி சோவியத் உதவியுடன் எழுந்த பிலாய் உருக்காலைக்குத் தாது வழங்கியது அதே தல்லி ராஜ்ஹரா.

காட்டு வாழ்க்கை அவருக்கு மலேரியாவைக் கொடுத்தது. உடல்நலத்தை முன்னிட்டும் டாடாவின் மான்செஸ்டர் அலுவலகத்தைக் கவனிப்பதற்காகவும் 1905-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். டெர்பிஷயரில் சிகிச்சைக்குத் தங்கியிருந்தபோது அங்கே உணவு பரிமாறும் பணியில் இருந்த சாலி மார்ஷ் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1907-இல் பருத்தி ஆலை நகரான ஓல்டமில் இருவருக்கும் திருமணம் நடந்தது. லங்காஷயரின் தொழிலாளர் குடும்பங்களில் நிலவிய வறுமை, இந்தியாவில் அவர் கண்ட வறுமையிலிருந்து தோற்றத்தில் வேறுபட்டிருந்தாலும் அதன் வேர் ஒன்றே என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1909-இல் சுதந்திரத் தொழிற்கட்சியில் உறுப்பினரானார்.

ஒரே கூலிக் கணக்கு

சக்லத்வாலாவின் அரசியலுக்கு அடிப்படை ஒரு எளிய பொருளாதாரக் கணக்கு. இந்தியாவில் கூலி மிகக் குறைவாக இருக்கும்வரை மூலதனம் அங்கே செல்லும். அங்கே மலிவாகத் தயாரான சரக்கு பிரிட்டிஷ் தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் அல்லது கூலியைக் குறைக்கும். ஆகவே இந்தியத் தொழிலாளியின் சங்கத்துக்கு உதவுவது பிரிட்டிஷ் தொழிலாளி தன்னையே காத்துக்கொள்ளும் வழி என்பது அவர் வாதம். இரக்கத்தின் பேரில் கேட்கப்படும் உதவி நெருக்கடி வந்தால் முதலில் வற்றிவிடும் என்பதால், தன்னலத்தின் பேரிலேயே அவர் அதைக் கேட்டார்.

இதற்கு அவர் எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் சணல் தொழிலால் வாழ்ந்தது. ஹூக்ளி நதிக்கரையின் சணல் ஆலைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களே. கல்கத்தாவில் கூலி குறையக் குறைய டண்டீயில் தறிகள் நின்றன. 1920-களின் நடுவில் டண்டீ தொழிலாளர்களே இதை ஆராய முன்வந்தனர். அவர்கள் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் ஜான்ஸ்டனும் சணல் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஜான் சைமும் வங்காளம் வந்து ஆலைகளைப் பார்வையிட்டு, இந்தியாவில் நடக்கும் சுரண்டல் குறித்து 1926-இல் அறிக்கை வெளியிட்டனர்.

1917 வாக்கில் லண்டனில் இந்தியத் தொழிலாளர் நல லீக் உருவானபோது அதன் முன்னணியில் சக்லத்வாலா இருந்தார். 1920 அக்டோபர் 31-இல் லாலா லஜபதி ராய் தலைமையில் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ் (ஏஐடியுசி) தோன்றிய பின், பிரிட்டனில் அதன் குரலாக இந்த லீக் செயல்பட்டது. ரஷ்யப் புரட்சியால் ஈர்க்கப்பட்ட அவர், சுதந்திரத் தொழிற்கட்சி மூன்றாம் அகிலத்தில் சேர மறுத்ததால் 1921-இல் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சென்றார். அக்காலத்தில் கம்யூனிஸ்டுகள் தொழிற்கட்சியிலும் உறுப்பினராக இருக்க முடிந்தது.

பாட்டர்சீ தேர்ந்தெடுத்த அந்நியர்

தென் லண்டனின் பாட்டர்சீ ரயில்வேக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஐரிஷ் குடும்பங்களும் வாழ்ந்த பகுதி. 1913-இல் கறுப்பினத்தவரான ஜான் ஆர்ச்சரை மேயராகத் தேர்ந்தெடுத்த ஊர் அது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய தொழில் மந்தத்தில், 1921-ஆம் ஆண்டின் நடுவில், பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. வேலையில்லாத வெள்ளைத் தொழிலாளிகள் நிறைந்த ஒரு தொகுதியில், டாடா நிறுவனத்தில் பணிபுரியும் ஓர் இந்தியர் வாக்குக் கேட்டு நின்றார். அவரது தேர்தல் முகவர் ஜான் ஆர்ச்சர்.

1922 நவம்பரில் தொழிற்கட்சி ஆதரவுடன் சக்லத்வாலா 2,021 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1923 டிசம்பரில் 186 வாக்குகளில் தோற்றார். 1924 அக்டோபரில் வெளிப்படையாகவே கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று 542 வாக்குகளில் மீண்டும் வென்றார். அவையில் தன் தொகுதியின் வாடகை, வேலையின்மைப் பிரச்சினைகளையும் அயர்லாந்து, இந்தியா, எகிப்து பிரச்சினைகளையும் அவர் சேர்த்தே பேசினார். பாட்டர்சீயின் வாடகையும் பம்பாயின் கூலியும் ஒரே பேரரசின் வரவு செலவுக் கணக்கில் வருபவை என்பதே அவர் கருத்து.

1925-இல் நாடாளுமன்றங்களின் சர்வதேச மாநாட்டுக்குச் செல்லும் பிரிட்டிஷ் குழுவில் அவர் இடம்பெற்றபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கெல்லாக் அவருக்கான விசாவை ரத்து செய்தார். அதே ஆண்டு டாடா நிறுவனப் பணியிலிருந்தும் அவர் விலகினார்.

பவுண்டும் ரூபாயும்

அவரைச் சிறைக்கு அனுப்பிய 1926 பொது வேலைநிறுத்தத்தின் காரணத்தைப் பார்த்தால் அவரது கணக்கு எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்பது விளங்கும். 1925 ஏப்ரலில் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், போருக்கு முந்தைய மதிப்பிலேயே பவுண்டைத் தங்கத்துடன் மீண்டும் இணைத்தார். பவுண்டின் மதிப்பு உயர்ந்ததால் பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டுச் சந்தையில் விலை கூடி விற்காமல் தேங்கியது. சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முனைந்தனர். அரசு கொடுத்துவந்த மானியம் 1926 ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் முடிந்தது. சுரங்கங்கள் கதவடைக்கப்பட்டன. மே 3-ஆம் தேதி நள்ளிரவில் பிற தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்தினர். ஒன்பது நாள்களில் தொழிற்சங்க காங்கிரஸ் தலைமை பின்வாங்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் தனியே நவம்பர் வரை போராடித் தோற்றனர். அம்மாதங்களில் சோவியத் தொழிற்சங்கங்கள் அவர்களுக்கு 10 லட்சம் பவுண்டுக்கு மேல் நிதி அனுப்பின.

இந்தியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1925-இல் பம்பாய் பஞ்சாலை முதலாளிகள் கூலியில் 11.5 சதவீதம் குறைத்தனர். பல வாரம் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பின், உள்நாட்டுத் துணி மீதான கலால் வரியை அரசு நிறுத்தி வைத்ததால் அந்தக் குறைப்பு கைவிடப்பட்டது. 1927-இல் ரூபாயின் மதிப்பை, போருக்கு முந்தைய ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்குப் பதிலாக, ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என அரசு நிர்ணயித்தது. இறக்குமதித் துணி மலிவானது. பம்பாய் ஆலைகள் நெருக்கடிக்கு உள்ளாகி ஆள் குறைப்பில் இறங்கின. 1928 ஏப்ரலில் சுமார் 1.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வெளியேறி அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தனர். அப்போதும் சோவியத் ஜவுளித் தொழிலாளர் சங்கத்திலிருந்து நிதி வந்தது. வேல்ஸ் சுரங்கத்திலும் பரேல் ஆலையிலும் கூலியைக் குறைத்தது லண்டனில் எடுக்கப்பட்ட நாணய முடிவுகளே. இந்தத் தொடர்பைத்தான் சக்லத்வாலா இரு நாட்டு மேடைகளிலும் விளக்க முயன்றார்.

தில்லியும் சென்னையும்

சிறையிலிருந்து வெளிவந்த சில மாதங்களில், 1927 ஜனவரி 14-ஆம் தேதி அவர் பம்பாய் வந்து இறங்கினார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் நாடெங்கும் பயணம் செய்தார். சென்னையிலும் பேசினார். மார்ச் மாதம் தில்லியில் நடந்த ஏஐடியுசி-யின் ஏழாவது மாநாட்டில் கலந்துகொண்டார்.

அந்தப் பயணத்தின் மிக முக்கியமான நிகழ்வு மகாத்மா காந்தியுடன் நடந்த விவாதம். கதரும் சர்க்காவும் மக்களின் வறுமைக்கு விடையாகா என்றும், காந்தியின் செல்வாக்கு தொழிலாளர்களையும் விவசாயிகளையும் சங்கங்களாகத் திரட்டப் பயன்பட வேண்டும் என்றும் அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். தன்னை மகாத்மா என்று அழைக்கவும் காலில் விழவும் மக்களை அனுமதிப்பதையும் அதில் கண்டித்தார். காந்தி யங் இந்தியா இதழில் பதில் எழுதினார். சக்லத்வாலாவின் நேர்மையையும் ஏழைகள் மீதான பற்றையும் பாராட்டிய அவர், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தீராப் பகை என்ற கொள்கையை ஏற்கவில்லை. கிராமத்து ஏழைக்கு உடனடி வேலை தருவது ராட்டையே என்ற தன் நிலையிலும் மாறவில்லை. ஒருவர் எல்லைக்குள் தற்சார்பையும் மற்றவர் எல்லை தாண்டிய தொழிற்சங்கத்தையும் நெருக்கடிக்கு மருந்தாகக் கண்டனர்.

அவர் இங்கிலாந்து திரும்பிய பின், மீண்டும் இந்தியா வரும் அனுமதி ரத்து செய்யப்பட்டது. 1929-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசும் அந்தத் தடையை நீக்கவில்லை. பிறந்த மண்ணை அவர் மறுபடி காணவே இல்லை. அதே 1927-இல் தன் ஐந்து பிள்ளைகளுக்கும் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் பார்சி மரபுப்படி நவ்ஜோத் சடங்கு நடத்தியதற்காக அவரது கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. கண்டனத்தை ஏற்றுக்கொண்டார், கட்சியையும் விடவில்லை, சமூகத்தையும் விடவில்லை.

உடைந்த அணி

தொழிற்கட்சி கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற முடிவெடுத்தபோது அதற்கு இணங்காத பாட்டர்சீ கிளையின் அங்கீகாரம் 1926-இல் பறிக்கப்பட்டது. மறுபுறம், 1928 முதல் சர்வதேச கம்யூனிஸ்ட் இயக்கம் தொழிற்கட்சியினரையே முதன்மை எதிரிகளாகக் கருதும் பாதையை வகுத்தது. இரு தரப்பும் விலகிய இடைவெளியில் சக்லத்வாலா விழுந்தார். 1929 மே தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளர் சாண்டர்ஸ் வென்றார். சக்லத்வாலாவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். சாண்டர்ஸின் தேர்தல் முகவராகப் பணியாற்றியவர், முன்பு சக்லத்வாலாவை வெற்றிபெற வைத்த ஜான் ஆர்ச்சர். அதே ஆண்டு இறுதியில் நாகபுரி மாநாட்டில் ஏஐடியுசி-யும் பிளவுபட்டு, என்.எம். ஜோஷி தலைமையில் மிதவாதிகள் வெளியேறினர்.

உலகப் பெருமந்தம் தொடங்கிய வேளை அது. பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது. இந்தியாவில் விளைபொருள் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தபோதும் நிலவரியும் கடனும் குறையவில்லை. ஒற்றுமை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அதைக் கட்ட வேண்டிய அமைப்புகள் தமக்குள் மோதிக்கொண்டிருந்தன. இதில் சக்லத்வாலாவின் கட்சிக்கும் பங்கு உண்டு. கட்சியின் கட்டளையை மீறி அவர் பழைய கூட்டணியைக் காப்பாற்ற முயலவில்லை என்பதையும் வரலாறு குறிக்க வேண்டியுள்ளது.

ஆனாலும் பணி நின்றுவிடவில்லை. 1929 மார்ச் 20-ஆம் தேதி இந்தியாவெங்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் கைதாகி, தில்லிக்கு அருகே உள்ள மீரட்டில் சதி வழக்கில் நிறுத்தப்பட்டனர். இந்தியர்களுடன் பிலிப் ஸ்ப்ராட், பென் பிராட்லி, லெஸ்டர் ஹட்சின்சன் ஆகிய மூன்று ஆங்கிலேயர்களும் கூண்டில் நின்றனர். பம்பாய்த் தொழிலாளிக்காக ஆங்கிலேயர் சிறை செல்வது, சக்லத்வாலா 1926-இல் செய்ததன் மறுபாதி. நான்கு ஆண்டுகள் நீண்ட அந்த வழக்குக்கு எதிராக பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று அவர் பேசினார். 1933-இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் பெருமளவு குறைக்கப்பட்டன. ஸ்ப்ராட் பின்னாளில் கம்யூனிசத்தைக் கைவிட்டாலும் இந்தியாவைக் கைவிடவில்லை. சென்னையின் சிங்காரவேலர் குடும்பத்தில் பெண் எடுத்து, 1971-இல் சென்னையிலேயே மறைந்தார்.

1932-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது இங்கிலாந்து சென்ற பெரியார் ஈ.வெ.ராவும் சக்லத்வாலாவைச் சந்தித்தார். யார்க்ஷயரின் சுரங்கப் பகுதியான மெக்ஸ்பரோவில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில், இந்தியா தொடர்பான தொழிற்கட்சியின் போக்கைப் பெரியார் கண்டித்துப் பேசினார். பேரரசைத் தக்கவைத்துக்கொண்டே தொழிலாளர் ஒற்றுமை பேச முடியாது என்று சக்லத்வாலா பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததும் அதுவே.

மிஞ்சியவை

தேர்தல்களில் மீண்டும் நின்று தோற்று, வேலையற்றோர் கூட்டங்களிலும் பேரரசு எதிர்ப்பு மேடைகளிலும் உடல் தளர்ந்த நிலையிலும் பேசிவந்த சக்லத்வாலா, 1936 ஜனவரி 16-ஆம் தேதி லண்டனில் மாரடைப்பால் காலமானார். அவரது அஸ்தி புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தின் பார்சிப் பகுதியில், மாமன் ஜாம்ஷெட்ஜி டாடாவின் நினைவிடத்துக்கு அருகே வைக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஸ்பெயின் குடியரசைக் காக்கச் சென்ற பிரிட்டிஷ் தொண்டர்கள் தங்கள் படைப்பிரிவுக்கு முதலில் சூட்டிய பெயர் சக்லத்வாலா.

2008-இல் உலக நிதி நெருக்கடி வெடித்தபோது அவர் கண்ட காட்சி புதிய உருவில் திரும்பியது. மறு ஆண்டே அமெரிக்கா, அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானப் பணிகளுக்கு உள்நாட்டு இரும்பையும் உருக்கையும் வாங்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அரசின் மீட்பு நிதி பெற்ற வங்கிகள் எச்-1பி விசாவில் ஆள் எடுக்கவும் கட்டுப்பாடு வந்தது. வேலையிழந்த ஓஹியோ தொழிலாளியும் வேலை தேடிய இந்தியப் பொறியாளரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக நிறுத்தப்பட்டனர். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசும் அமைப்பு எதுவும் அப்போது வலுவாக இருக்கவில்லை.

சக்லத்வாலா காலத்தில் அத்தகைய அமைப்பைக் கட்டுவதற்கு ஒரு முயற்சியாவது நடந்தது. டண்டீ சங்கம் செய்ததுபோல் எதிர் நாட்டின் ஆலைக்குள் ஆள் அனுப்பிப் பார்ப்பது, வேலைநிறுத்த நாளில் பணம் அனுப்புவது, அயல்நாட்டுச் சிறையில் இருப்பவருக்காகத் தன் ஊரில் கூட்டம் போடுவது என்ற மூன்று வழிகளே அந்த முயற்சியின் உள்ளடக்கம். மூன்றும் செலவு குறைந்தவை. மூன்றையும் அழித்தது உள்கட்சிப் பகை. பாட்டர்சீயில் 1922-இல் வேலையில்லாமல் இருந்த தொழிலாளிகள் ஓர் இந்தியரைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள் என்பது மட்டும், அது நடக்கக்கூடிய காரியமே என்பதற்குச் சான்றாக பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பதிவில் நிற்கிறது.